பாம்பு சீறும் மைக்கோடு மூன்று வருடம்

அக்கரைப்பற்றில் இருக்கும் நண்பன் நேற்று போனில் கேட்டான்: "மச்சான், நீ வச்சிருக்கிற மைக் விலை குறைஞ்சிருக்காம். வாங்கவா?" ஒரு சொல்லில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நேற்றுக் காலையில்தான் அதே மைக்கைத் திருத்தக் கொடுத்த இடத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் ஏச்சுத்தான் வந்திருக்கும். "எழுதி அனுப்புறன்" என்று வைத்துவிட்டேன்.

கம்பனிப் பெயர் வேண்டாம். 48 வோல்ட் கொடுத்தால் வேலை செய்யும் மலிவான கொண்டென்சர் மைக், அவ்வளவுதான். அதற்கு அண்ணன் தம்பிமார் ஏராளம், முகமும் குணமும் ஒன்றுதான். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவிய 2022இல், இனிமேல் வாங்கவே முடியாது என்று பயந்து வாங்கினேன். இப்போது விலை குறைந்துவிட்டதாம். சரி, அதை விடுவோம்.

என் குறை ஒன்றே ஒன்று: 'ச' வரும் இடமெல்லாம் சீறும். இந்த வகை மைக்குகளில் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள். கடையில் கேட்கும்போது 'அட, என்ன தெளிவு' என்றிருக்கும். வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தால்தான் தெரியும். என் பாட்டு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில், வாவித் தண்ணீருக்குள் இருந்து கேட்கும் மீன்பாட்டைப் பற்றியது. எனக்கு வேறு எதுகை கிடைக்காமல் ஓசை, ஆசை, வாசல், வீசும் என்று வரிக்கு வரி 'ச' வைத்திருந்தேன். முதல் மிக்ஸைக் கேட்ட மனைவி சொன்னது: "உங்கட பாட்டுக்குள்ள ஒரு பாம்பு கிடக்கு."

தனிக் குரல் என்றால் இது பெரிய விஷயமில்லை. 'ச' சீறும்போது மட்டும் அமுக்கும் டி-எஸ்ஸர் போட்டு 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அமுக்கினால் போதும். நான் கிற்றாரை வாசித்துக்கொண்டே பாடுகிறவன், இரண்டும் ஒரே மைக்கில், ஒரே ட்ராக்கில். கம்பியின் மினுக்கமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு 'ச'வுக்கும் டி-எஸ்ஸர் பாயும்போது கிற்றார் போர்வைக்குள் போய்த் திரும்பி வரும். மெதுவான பாட்டில் இது இன்னும் நன்றாகக் காதில் விழும்.

'தனித்தனியாக ரெக்கோட் செய்தால் என்ன?' என்று கேட்பாய். செய்தேன். ஹெட்போனில் டிக் டிக் என்று தாளம் ஓட, முதலில் கிற்றார், பிறகு குரல். சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் வரி முடிவில் நான் மூச்சிழுக்கும் இடத்தில் கிற்றார் எனக்காக நிற்கவில்லை. சேர்ந்து வாசிக்கும்போது என் கை என் மூச்சைப் பார்த்துத்தான் நடக்கும். அதை ஒரு தாளப்பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

பிறகு மச்சினனிடம் ஒரு டைனமிக் மைக் (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை) இரவல் வாங்கி, கிற்றாருக்குப் பக்கத்தில் வைத்தேன். கதை இன்னும் மோசம். இரண்டு மைக்கும் இரண்டு சத்தத்தையும் கேட்கின்றன. கிற்றார் மைக் குரல் மைக்கைவிட என் வாயிலிருந்து 34 சென்டிமீற்றர் கூடத் தள்ளியிருந்தால் குரல் அதற்குள் ஒரு மில்லிசெக்கன் பிந்தி விழும். இரண்டையும் கூட்டினால் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் தகரக் குழாய்க்குள் இருந்து வந்தது. மைக்கை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் வழி கிடைத்தது ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் இல்லை, ஸ்டாண்டில். மைக்கை நெஞ்சளவுக்கு இறக்கி, முகத்தை விட்டுத் திருப்பி, கிற்றார்க் கழுத்தின் 12ஆவது கட்டையைப் (ஃப்ரெட்) பார்க்க வைத்தேன். வாய் இப்போது மைக்குக்கு மேலே, சரிவாக இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் சத்தத்தில் மேல் ஸ்தாயி தானாகவே குறையும். பாம்பு முக்கால்வாசி அடங்கிவிட்டது, கம்பி மினுக்கமும் போகவில்லை. நாலு விரல் தூக்கினால் குரல் கூடும், நாலு விரல் இறக்கினால் கிற்றார் கூடும். மிக்சிங் எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு நான் செய்வது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது, கிற்றார் வயிறு உப்பி முனகும் 200 பக்கத்தில் 3 டெசிபல் எடுப்பது, கொஞ்சம் எதிரொலி (ரிவர்ப்), அவ்வளவுதான். மிச்சமிருக்கும் 'ச'க்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் சத்தத்தைக் குறைக்கிறேன். இந்தப் பாட்டில் 31 இடம். இரண்டு 'ஓசை'யை 'ஒலி' என்று மாற்றியும் விட்டேன். மைக்குக்குப் பயந்து வரியை மாற்றியவன் என்று சிரிக்காதே, மெட்டுக்காக மாற்றுகிறவர்கள் இல்லையா?

இந்த ஸ்டாண்ட் விஷயம் பிடிபட ஒன்றரை வருடம் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

திருத்தக் கொடுத்த கதை வேறு. மாரி தொடங்கியதும் பொரிகிற சத்தம், சட்டியில் கடுகு போட்ட மாதிரி. கேபிள் என்று நினைத்து இரண்டு கேபிள் மாற்றினேன். உள்ளே ஈரம். கொண்டென்சருக்குள் ஈரப்பதம் ஏறினால் இப்படித்தான் கசிந்து பொரியுமாம். திறந்து துடைத்துக் கொடுத்த அண்ணன், "தம்பி, கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு இதை ஸ்டாண்டிலேயே விட்டுவைப்பதா?" என்று கேட்டார். இப்போது அது ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னுக்குள் தூங்குகிறது. கிற்றார் கம்பி எப்படியும் துருப்பிடிக்கும், அதற்கு டின் கிடையாது.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் பாவம். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்களே, அந்த இரவொன்றில் லப்டொப் பற்றரியில் ரெக்கோட் செய்தேன். மைக்கை லப்டொப்போடு இணைக்கும் இன்டர்பேஸுக்கு லப்டொப்பிலிருந்தே கரண்ட். சுவரில் எதுவும் செருகவில்லை, அதனால் எப்போதும் கிடக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இல்லை. பேன் இல்லை, அயல்வீட்டு டிவி இல்லை, கோயில் லவுட்ஸ்பீக்கர் இல்லை. பாண் விற்கும் ஓட்டோ பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வர விடியவேண்டும். இரண்டாவது சரணம் முடிந்து நான் சும்மா இருந்த நாலு செக்கனில், தூரத்துக் கடல் மெல்லிசாக விழுந்திருக்கிறது. எந்தப் பாம்பு மைக் என்று ஏசுகிறேனோ, அதே மைக் பிடித்தது. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் மீன்பாட்டுக் கேட்கும் என்று அப்பா சொல்வார். அன்று ஹெட்போனில் எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. அந்த நாலு செக்கனை எந்த மிக்ஸிலும் நான் வெட்டவில்லை.

ஆகவே உனக்கு என் பதில்: வாங்காதே. அதே காசுக்கு ஒரு நல்ல டைனமிக் மைக் வாங்கு, அது தூரத்துச் சத்தத்தை அவ்வளவு பிடிக்காது. உன் வீடு ரோட்டோரம், உனக்கு அதுதான் சரி. என்னுடையதை விற்பாயா என்று மட்டும் கேட்காதே. வரும் ஞாயிறு லைன் வேலைக்காகக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காதாம். கிற்றாருக்குப் புதுக் கம்பி போட்டு வைத்திருக்கிறேன்.