மதுரையில் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் அப்பா விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். மதுரைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஊரை நின்று நிதானமாகப் பார்த்ததே இல்லை. மேலமாசி வீதியில் காந்தி மேல்சட்டையைத் துறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. வருடாவருடம் அந்தப் பாடத்தை நடத்தியவர் அந்த வாசலில் ஒரு நாளும் நின்றதில்லை.

எனக்கு மதுரைக்கு மாற்றல் கிடைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் அப்பா, அம்மா, சித்தி மூவரும் வந்திருந்தார்கள். என் பையனுக்கும் லீவு. எனக்கே ஊர் சரியாகத் தெரியாது, தெரிந்தவர்கள் யாராவது கூட்டிப்போனால் அப்பா நிறைவாகப் பார்ப்பார் என்று நினைத்து, போனில் கண்ணில்பட்ட ஒரு விளம்பரத்தை நம்பிப் பதிவு செய்தேன். பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். இதே மாதிரி விளம்பரங்கள் இன்னும் வந்துகொண்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆளுக்கு 1,200 ரூபாய். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அதே கட்டணம்தான். ஐந்து பேருக்கு 6,000 ரூபாயை முழுவதும் முன்பணமாக ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த அட்டையில் இருந்தவை: எட்டு பேருக்கு மேல் கிடையாது, அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி, மூன்றரை மணி நேரம், காலை உணவு, நுழைவுக் கட்டணம், சிறப்பு தரிசனம், கடைசியில் ஜிகர்தண்டா எல்லாம் சேர்த்து. பார்க்கும் இடங்கள்: விளக்குத்தூண், பத்துத்தூண், திருமலை நாயக்கர் மகால், ராயகோபுரம், எழுகடல் தெரு, புதுமண்டபம், கோயில், காந்தி தங்கிய வீடு.

காலை 7 மணிக்கு விளக்குத்தூண் பக்கம் வரச் சொன்னார்கள். 6:45-க்கே போய் நின்றோம். வழிகாட்டி வந்தபோது மணி 7:40. அதற்குள் எங்களைப்போலவே காத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தால் 19 பேர். அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "ஆபீஸ்ல இருக்குக்கா" என்றார். வந்ததும் முதல் வேலையாக எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, கையைத் தூக்கிச் சிரிக்கச் சொல்லி ஒரு குரூப் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

விளக்குத்தூணைப் பற்றி அவர் சொன்னது: திருமலை நாயக்கர் தன் ராணி இரவில் கோயிலுக்குப் போக வெளிச்சம் வேண்டும் என்று வைத்தாராம். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது பிளாக்பர்ன் கலெக்டர் ஞாபகமா வச்சதில்லையா?" என்றார். 1840-களில் மதுரைக் கோட்டையை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தவர் அந்தக் கலெக்டர். அதன்பிறகுதான் வெளிவீதிகளே வந்தன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களில் இருப்பவர்கள் அந்த வேலையில் இருந்த சர்வேயரும் மேஸ்திரியும்தான். இதையெல்லாம் அப்பா ஆசையாகச் சொல்ல ஆரம்பித்ததும் வழிகாட்டி, "பெரியவரே, இருபது வருஷமா இதைத்தான் சொல்றேன், யாரும் மறுத்துப் பேசினதில்லை" என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்பா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

பத்துத்தூண் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே அந்தத் தூண்கள் இன்றைக்கும் எவ்வளவு உயரமாக நிற்கின்றன! நாயக்கர் அரண்மனையின் எச்சம் அவை. இன்றைய மகால் பழைய அரண்மனையில் ஏறத்தாழ கால்பங்குதான் என்பதை அந்தச் சந்தில் நின்றால்தான் உணர முடியும். நம்முடைய வழிகாட்டி அங்கே "இடிந்துபோன கோயில்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நடந்தார்.

மகால் வாசலுக்குப் போனபோது 8:30. கதவு பூட்டியிருந்தது. மகால் திறப்பதே 9 மணிக்குத்தான். "அடடா, இன்னும் திறக்கலையே, கோயிலை முடிச்சிட்டு வந்திரலாம்" என்றார். கடைசி வரை திரும்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: 7 மணிக்குச் சரியாகக் கிளம்பியிருந்தாலும் எட்டு மணிக்கெல்லாம் மகால் வாசலில் நின்றிருப்போம். தினமும் வருகிற ஆளுக்கு மகால் திறக்கும் நேரம் தெரியாதா? அட்டையில் மகாலைப் போட்டதே கணக்குக்காகத்தான். 1636-இல் கட்டிய அந்த மண்டபத் தூண்களைப் பையனுக்குக் காட்ட வேண்டும் என்று அப்பா பஸ்ஸிலேயே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

நுழைவுக் கட்டணம் மிச்சம், நேரமும் மிச்சம். அந்த மிச்ச நேரம் எங்கே போனது தெரியுமா? கோயில் பக்கத்தில் ஒரு கடைக்கு. "நாலு கோபுரமும் ஒண்ணா தெரியிற இடம் இருக்கு, போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, இலவசம்" என்று கூட்டிப்போனார். எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி ஷட்டர் பாதி திறந்திருந்தது. மூன்று மாடி ஏற வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே காட்சி அழகுதான், அதை மறுக்க மாட்டேன். காலை வெயிலில் தெற்குக் கோபுரத்தின் சுதை உருவங்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் மாடியில் ஐந்து நிமிடம்தான். இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தி உட்கார வைத்து, சால்வை, சிலை, தரைவிரிப்பு, சேலை என்று வரிசையாக விரித்துப் போட்டார்கள். வேண்டாம் என்று எழுந்தால் "சும்மா பாருங்கக்கா" என்று டீயைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வழிகாட்டி கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் மட்டும் 1 மணி 10 நிமிடம் போனது.

சித்தி அங்கே ஒரு சுங்குடிச் சேலை வாங்கினார், 2,800 ரூபாய். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது, புவிசார் குறியீடு உள்ளது என்று சொல்லி விற்றார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் சித்தி வாங்கியது சுங்குடியே இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சௌராஷ்டிரக் குடும்பம், அவருடைய அம்மா முடிச்சுப் போட்டே பிள்ளைகளை வளர்த்தவர். சேலையை விரித்த உடனே, "இது அச்சு" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையால் கட்டிய முடிச்சில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது, ஒன்று பெரிசு, ஒன்று கோணல், ஓரம் கொஞ்சம் கசிந்திருக்கும் என்றார். துவைக்காத புதுச் சேலை என்றால் முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி விரலில் தட்டுப்படும். சித்தி வாங்கியதில் எல்லாப் புள்ளியும் அச்சுப்பிசகாமல் ஒரே அளவு, துணி வழவழவென்று தட்டை. பின்பக்கம் திருப்பினால் நிறம் மங்கல். அக்கா சேலையை மடித்துக் கொடுத்தபோது சித்தியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பணம் அவர் சீட்டுப் போட்டுச் சேர்த்தது.

கடையை விட்டு வெளியே வந்தபிறகு ஒரே ஓட்டம். ராயகோபுரத்தை "முடிக்காம விட்ட கோபுரம்" என்று சொல்லியபடியே தாண்டினோம். எழுகடல் தெருவில் நிற்கவே இல்லை. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட, சொக்கர் ஏழு கடலையும் அங்கே வரவழைத்த கதையை அப்பாதான் நடந்துகொண்டே பையன் காதில் சொன்னார். புதுமண்டபத்தை வாசலோடு சரி என்று முடித்தார். கல் யானை கரும்பு தின்ற சிற்பத்தையும், தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர்களையும் காட்டாமல் புதுமண்டபத்தை எப்படிக் காட்டியதாகச் சொல்வது? மாசி வீதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கூட வந்த ஒரு பெண் கேட்டதற்கு, மாசி மாதத்தில் வியாபாரம் நன்றாக நடக்கும் என்பதால் என்று ஒரு பதில். முன்பு மாசியில் திருவிழா நடந்த வீதி அது, பிற்பாடு விழா சித்திரைக்கு மாறினாலும் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மதுரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கோயில் வாசலில் அடுத்தது. செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வைத்துவிட்டுப் போகக் கோயிலே இடம் வைத்திருக்கிறது. இவர் எங்களை வெளியில் ஒரு கடையில் வைக்கச் சொன்னார், போனுக்கு 50 ரூபாய். நான்கு போனுக்கு 200. அப்புறம், இன்றைக்குக் கூட்டம் அதிகம், சிறப்பு தரிசனத்துக்கு ஆளுக்கு 300 கூடுதலாக ஆகும் என்றார். அட்டையில் சேர்த்துப் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அது சாதாரண நாளுக்கு என்றார். அம்மா கால்வலியோடு நிற்கிறார், பின்னால் வெயில் ஏறுகிறது, கொடுத்துவிட்டேன். கையில் கொடுத்த சீட்டில் 100 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. வரிசைக்குள் நுழைந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். வெளியே நிற்கிறேன் என்று சொன்ன ஆள் அப்புறம் கண்ணில் படவே இல்லை.

தரிசனம் முடிந்து பொற்றாமரைக் குளத்துப் பக்கம் வரும்போது 12:15. 12:30-க்கு நடை சாத்திவிடுவார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தான் என்று பையனை எண்ணவைத்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா வைத்திருந்த திட்டம் அதோடு போனது. வெளியே வந்து போனை வாங்கி அழைத்தேன். ஆறாவது முறை எடுத்தார். "அடுத்த பேட்ச் ஆரம்பிச்சிருச்சுக்கா. காந்தி வீடு மராமத்துல இருக்கு, மூடிட்டாங்க. ஜிகர்தண்டாவை நீங்களே குடிச்சிட்டு பில்லை அனுப்புங்க" என்றார். பில்லை அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

அப்பா, "பரவாயில்லம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவையும் சித்தியையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நானும் அப்பாவும் பையனும் அந்த வெயிலில் மேலமாசி வீதிக்கு நடந்தோம். வீடு மூடியிருக்கவில்லை. கீழே கதர்க்கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். 1921 செப்டம்பர் 22 காலையில் இந்த வீட்டிலிருந்துதான் காந்தி முழங்கால் அளவு வேட்டியோடு மட்டும் கிளம்பினார், அந்நியத் துணியை எரிக்கச் சொன்னால் கதர் வாங்கக் காசில்லாதவன் எதை உடுத்துவான் என்ற கேள்விதான் அவரை உறுத்தியது என்று பையனிடம் சொன்னார். கடையில் இருந்தவர் அப்பா பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அங்கே இருந்த இருபது நிமிடம்தான் அன்றைக்கு நாங்கள் மதுரையைப் பார்த்தது. அதற்கு ஒரு காசு செலவில்லை.

அன்று இரவு பணத்தில் பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதிலுக்கு வந்தது அந்தக் குரூப் போட்டோ. "சுற்றுலா முழுமையாக நடந்தது, வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று கீழே ஒரு வரி. நான் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி நிற்கிறேன். அடுத்த நாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், நடை தொடங்குவதற்கு முன்பே இப்படிப் போட்டோ எடுத்தால் நிற்காதீர்கள். முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

வழிகாட்டிகளுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகமும் தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கின்றன. பணம் அனுப்பும் முன்பே யார் வரப்போகிறார், அவருடைய அட்டையின் படத்தை அனுப்புங்கள் என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைக்குக் கூட்டிப்போக மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். மகால் எந்நேரம், கோயில் எந்நேரம் என்று நேரம் போட்டுக் கேட்டாலே உண்மையாக நடத்துகிறவர் யார் என்று தெரிந்துவிடும். கோயில் 12:30 முதல் மாலை 4 மணி வரை சாத்தியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லோரையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. சமணர் மலை, ஆனைமலை, அரிட்டாபட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் கல்வெட்டையும் சமணத் துறவிகளின் கல் படுக்கையையும் அக்கறையாகச் சொல்லிக்கொடுக்கும் பசுமை நடை போன்ற குழுக்கள் இதே ஊரில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்கள் பேரும் இந்த மாதிரி ஆட்களால்தான் கெடுகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். வாட்ஸ்அப் அட்டை, ஜிபே ரசீது, 100 ரூபாய்ச் சீட்டு, சேலை பில் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். சுற்றுலாத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். அன்று எங்களோடு வந்த 19 பேரில் யாராவது இதைப் படித்தால் நீங்களும் புகார் கொடுங்கள். பதில் வந்ததும் எழுதுகிறேன்.