ஆன்லைன் வயலின் வகுப்பில் 18,500 ரூபாய் போச்சு: பெரியவர்களாகி இசை கற்க நினைக்கிறவர்கள் அவசியம் படிக்கவும்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று இன்று சாயங்காலம் அந்த வகுப்புக் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. என்ன தீர்ந்தது? 18,500 ரூபாய் போனது போனதுதான், மேல்பலகை விரிசல் விட்ட வயலின் பீரோ மேல் கிடக்கிறது, வகுப்பும் இல்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது, ஐம்பது வயதில் புதிதாக எதையாவது கற்க ஆசைப்படுகிறவர்களைக் குறிவைத்தே இது நடக்கிறது.

எனக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம், சித்தூர் தாலுகா. ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் எங்களுக்குத் தமிழ்தான். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிகாலையில் எழுந்தால் மாலைப் பால் அளந்து முடியும் வரை எனக்கென்று நேரமே இருந்ததில்லை. மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்த பிறகுதான் ராத்திரி ஒரு மணி நேரம் கையில் மிஞ்சியது. வயலின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. நவம்பரில் கல்பாத்தித் தேர் சமயத்தில் நடக்கும் சங்கீத உற்சவத்துக்கு அப்பா கூட்டிப்போவார், எல்லோரும் பாடகரைப் பார்த்தால் நான் பக்கத்தில் வில் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கம் மணி அய்யரும் எங்கள் பாலக்காட்டுக்காரர்கள், வாத்தியாருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பாலக்காடு டவுனில் ஆள் இருக்கிறார்கள். ராத்திரி வகுப்பு முடித்துவிட்டு வீடு திரும்ப பஸ் வேண்டுமே! அதனால்தான் போனிலேயே கற்றுத்தருகிறோம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும் விரல் நின்றது. "முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்" என்று போட்டிருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. வெவ்வேறு கலைகளைச் சொல்லித்தருவதாகச் சொல்லும் ஒரு செயலி, அவ்வளவுதான்.

இலவச அறிமுக வகுப்பு என்று கூப்பிட்டார்கள். திரையில் வந்தவர் வேட்டி கட்டிய பெரியவர், பின்னால் தம்புரா சுருதி ஓடிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் பேசினார். வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்த கதையைச் சொன்னார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டது, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோனது, 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தது. இது அப்பா எனக்குச் சொன்ன அதே கதை. அப்புறம் என்னை ச, ப, மேல் ச பாடச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுருதி சுத்தமா நிக்குதும்மா. குரல்ல நிக்கிறது விரலுக்கும் வரும். நானே சொல்லித்தரேன், ஆறு மாசத்துல சரளி வரிசை, ஜண்டை வரிசை முடிச்சு கீதத்துக்கு வந்துடலாம்" என்றார். அதாவது ஆரம்பப் பயிற்சிகளை முடித்து முதல் எளிய பாட்டுக்கு.

என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த வார்த்தையைத்தான் அவர்கள் விற்றார்கள், நான் அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் ஒரு பெண் போன் செய்தாள். இன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் கட்டினால் 18,500, நாளைக்கு 27,000. வாரம் இரண்டு நேரடி வகுப்பு, தமிழில், அதே வாத்தியார், வயலின் இலவசம். பிடிக்கவில்லை என்றால்? கேட்டேன், நன்றாகவே கேட்டேன். "ஏழு நாளைக்குள்ள சொல்லுங்க மேடம், ஒரு ரூபாய் பிடிக்காம திருப்பிடுவோம்" என்றாள். ஓணம் போனஸில் எடுத்து வைத்திருந்த பணம். 18,500 ரூபாய் அந்த ராத்திரியே போனது.

அந்த ஏழு நாளும் முடிந்த பிறகுதான் வயலின் வந்தது. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. பெட்டியைத் திறந்தால் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு தனியாகக் கிடக்கிறது, கம்பிகள் தொளதொள என்று தொங்குகின்றன, வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியே இல்லை. ரோசின் தேய்க்காத புது வில்லைக் கம்பியில் எப்படி இழுத்தாலும் வழுக்கிக்கொண்டுதான் போகும், சத்தம் வராது. இது அப்போது எனக்குத் தெரியாது, கற்றுத்தர வந்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா? வயலினைத் தூக்கினால் உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. சாட்டில் கேட்டேன். "பேக்கிங் துண்டாக இருக்கும் மேடம், பயப்படாதீங்க" என்று பதில்.

வேட்டி கட்டிய வாத்தியார் வரவே இல்லை. ஒரு இளைஞர் வந்தார், அவருக்குப் பின் இன்னொருவர். எல்லோருடைய மைக்கையும் மியூட்டில் போட்டுவிட்டு அவர் வாசிப்பார், நாங்கள் பார்க்க வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பது நம் முறை, அதைச் சரியாக உட்காரவைப்பதற்கே பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், கேமராவில் எங்கள் காலே தெரியாது. அப்புறம் நேரடி வகுப்பு நின்றது, பதிவு செய்த வீடியோ வந்தது. அதுவும் ஆங்கிலத்தில், மேற்கத்திய முறையில். நம் கச்சேரி முறையில் நாலு கம்பியும் ச, ப, ச, ப என்று சேரும். அந்த வீடியோவில் வேறு ஸ்வரங்கள். எதற்குச் சேர்ப்பது என்று கேட்டால், பதில் சொல்லவே ஒரு வாரம்.

நான் எழுதிய எல்லாவற்றுக்கும் வந்த பதில்கள் இவைதான்: "டிக்கெட் போட்டாச்சு" (புகாரைப் பதிந்தாயிற்றாம்). "சீனியர் டீம் கூப்பிடுவாங்க." "உங்க பேட்ச் மாத்திட்டு இருக்கோம்." சத்தம் அடைத்த மாதிரி வருகிறது என்று வாசித்தே காட்டினேன். அதற்கு ஒருவன் சொன்னான், "மேடம், இந்த வயசுல விரல் கொஞ்சம் ஸ்டிஃபாத்தான் இருக்கும், ப்ராக்டிஸ் பண்ணுங்க." பணத்தைவிட இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வயதைச் சொல்லிக் கூப்பிட்டவனே வயதைச் சொல்லி வாயை அடைக்கிறான்! வயதானவர்கள் தங்களுக்குத்தான் வரவில்லை என்று வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள், அந்தக் கூச்சம்தான் இவர்களுக்கு மூலதனம்.

சுருதி எட்டவில்லை என்றதும் "இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்று சாட்டில் எழுதினார்கள். முறுக்கினேன். டப்பென்று ஒரு சத்தம். பிரிட்ஜின் வலது கால் ஊன்றிய இடத்தில் மேல்பலகை நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது.

சித்தூரில் சர்ச் கொயரில் வயலின் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். அவர் வாங்கியதும் காதருகே வைத்து ஒருமுறை ஆட்டினார், போன் டார்ச்சை மேல்பலகைத் துளைக்குள் அடித்தார், கவிழ்த்துக் குலுக்கினார். பென்சில் கனத்தில் ஒரு மரக்குச்சி வெளியே வந்து விழுந்தது. "அம்மிணி, இதுதான் சவுண்ட் போஸ்ட். இது நிக்காம யாரு உங்களைக் கம்பி முறுக்கச் சொன்னது?" என்றார். அந்தக் குச்சியைப் பசை போட்டு ஒட்ட மாட்டார்களாம். மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில், பிரிட்ஜின் மெல்லிய கம்பிப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால், இறுக்கத்திலேயே நிற்குமாம். கம்பியின் அழுத்தத்தைத் தாங்குவதும் அதுதான், சத்தத்தைக் கீழ்ப்பலகைக்குக் கொண்டுபோவதும் அதுதான். அது விழுந்து கிடக்கும் வயலினில் கம்பியை ஏற்றவே கூடாது. இவர்கள் அதைத்தான் பேக்கிங் துண்டு என்றார்கள். பிரிட்ஜையும் சீவவே இல்லை, மேல்விளிம்பு தட்டையாக இருக்கிறது, ஒரு கம்பியை இழுத்தால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து கத்தும் என்று காட்டினார். என் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விரலுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வரை எனக்குக் கண் நிறைந்துகொண்டே இருந்தது.

போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். பதில்: உடைந்த பொருளுக்கு மாற்று கிடையாது, மேலும் வயலின் இலவசப் பரிசு. சரி, வகுப்புப் பணத்தையாவது கொடுங்கள் என்றால், நீங்கள் வாங்கியது "வீடியோ உள்ளடக்க அனுமதி", அதைத் திறந்து பார்த்துவிட்டீர்கள். ரசீதை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன், வாத்தியாரைப் பற்றி ஒரு சொல் இல்லை, நேரடி வகுப்பு என்று இல்லை, வயலினுக்கு நேராகப் பூஜ்யம். 18,500 ரூபாய்க்கு அவர்கள் எழுத்தில் கொடுத்திருப்பது வீடியோ மட்டும். ஏழு நாள் வாக்குறுதி கொடுத்த பெண்ணின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவை கேட்டால் கட்டாதீர்கள், மாதாமாதம் வாங்க மறுத்தால் விட்டுவிடுங்கள். போனில் சொல்வதையெல்லாம் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள், பணம் திரும்பும் கெடு எந்த நாளில் இருந்து என்பது உட்பட. வயலின் வந்தால் ஆட்டிப் பாருங்கள், உருண்டால் கம்பியைத் தொடாதீர்கள், பெட்டி திறப்பதையே வீடியோ எடுத்து வையுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நான் பாலக்காட்டில் போடப்போகிறேன். 18,500 ரூபாயை விடுவதாக இல்லை. இதே மாதிரி அறிமுக வகுப்பில் அந்த வேட்டி வாத்தியாரைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள், சித்தூர், பொள்ளாச்சி, கோபாலபுரம் எந்தப் பக்கம் இருந்தாலும், ரசீதையும் சாட் பதிவுகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.