ஒரே ஸ்ட்ராட்டோகாஸ்டர், இரண்டு ஒலிகள்: ஸ்டீவி ரே வானும் ரோரி கேலகரும்

டெக்சாஸின் வான் (1954–1990), அயர்லாந்தின் கேலகர் (1948–1995): இருவரும் ப்ளூஸ் கிடார் கலைஞர்கள். இருவர் கையிலும் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிடார்தான். ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டாலே யார் வாசிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

வானின் ஒலி தடித்தது. காரணம் கம்பி: மெல்லிய கம்பியே 0.013 அங்குலம். எல்லாக் கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டுவார். இல்லாவிட்டால் அந்தக் கம்பியை வளைப்பது பெரும்பாடு. அவரைப் பார்த்து அப்படியே செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சாதாரண கிடாரில் தடித்த கம்பியை அப்படியே மாட்டினால் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பள்ளத்தில் சிக்கிச் சுருதி விலகும், பிரிட்ஜும் (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மேலே தூக்கும். பள்ளத்தை அகலப்படுத்தி, பின்புற ஸ்பிரிங்கை இறுக்கிய பிறகே மாட்ட வேண்டும். டியூப் ஸ்கிரீமர் என்ற பெடலில் (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் பெட்டி) டிரைவை, அதாவது உறுமலின் அளவைக் குறைத்து, லெவலை, அதாவது வெளிவரும் ஒலியின் அளவை ஏற்றுங்கள்; உறுமல் ஆம்ப்பிலிருந்து (ஒலிபெருக்கி) வரட்டும்.

கேலகர் 1963-இல் கார்க் நகரில் வாங்கிய 1961 மாடல் கிடாரையே கடைசிவரை வாசித்தார். பெயின்ட் உதிர்ந்து மரம் தெரியும் அந்த உடலைப் பார்த்தாலே அவர் உழைப்பு புரியும். மேல்சுரங்களை உயர்த்தும் ரேஞ்ச்மாஸ்டர் டிரெபிள் பூஸ்டரும் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பும் சேர்ந்த கூர்மையான ஒலி அது. பூஸ்டருக்கு முன்னால் பஃபர் (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சுற்று) உள்ள பெடல் வைத்தால் ஒலி காதைக் கீறும். கிடாரிலிருந்து நேராகவே போக வேண்டும்.

ஸ்லைடு (விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிப்பது) பிடிக்குமா? யோசிக்காமல் கேலகரிடம் போங்கள். ஷஃபிள் என்ற துள்ளல் தாளத்தில் வலதுகை பழக வானே சரி.