கடன் பாடம்: வினாடி வினாவா, சிமுலேஷனா?

முதல் கிரெடிட் கார்டு வாங்கப்போகும் வயதினருக்குக் கடனைப் பற்றிச் சொல்லித்தர ஆன்லைனில் இரண்டு வகை விளையாட்டுகள் உண்டு. ஒன்று வினாடி வினா: கேள்வி, நான்கு விடைகள், புள்ளி, பேட்ஜ். மற்றது சிமுலேஷன்: கற்பனைச் சம்பளம், கற்பனைக் கார்டு, மாதாமாதம் வந்து நிற்கும் பில். எவ்வளவு கட்டுவது என்பது ஆடுபவர் பாடு.

சொற்களைப் பழக்க வினாடி வினா போதும். கடன் வரம்பு, கெடு தேதி, தாமதக் கட்டணம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். திரும்பத் திரும்பக் கேட்டால் மறக்கவும் மறக்காது.

ஆனால் 'குறைந்தபட்சத் தொகை' (பில்லில் அந்த மாதம் கட்டாயம் கட்ட வேண்டிய சிறு பகுதி) என்பதற்குச் சரியான விடையை அழுத்தியவரே பில் வந்ததும் அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். சிமுலேஷன் இங்கேதான் முந்துகிறது. 10,000 கடன், மாத வட்டி 3%, மாதம் நிலுவையில் 5% மட்டும் கட்டுகிறார், புதுச் செலவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் ஏறக்குறைய 5,500 கட்டியிருப்பார். கடனோ 7,700-க்குச் சற்று மேல் நிற்கும். கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். இந்தக் கணக்கை வாசித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். பன்னிரண்டு முறை தன் கையால் கட்டிப் பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கம்தான் பாடம்.

சிமுலேஷனிலும் குறை உண்டு. 'மீண்டும் தொடங்கு' பொத்தான் அதில் பெரிய குறை. தவணை தவறிய மாதத்தை அழித்துவிட்டு ஆட முடிந்தால், தவறிய தவணை கடன் வரலாற்றில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பது எப்படி உறைக்கும்? இன்னொன்று, கிரெடிட் ஸ்கோரையே, அதாவது ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று காட்டும் மதிப்பெண்ணையே, வெற்றிப் புள்ளியாக வைக்கும் விளையாட்டுகள். ஸ்கோரை ஏற்றுவதற்காகத் தேவையில்லாத கடனை வாங்கும் புத்தியை அவை வளர்த்துவிடும். கடன் கொடுக்கும் நிறுவனமே தயாரித்த விளையாட்டு என்றால் இந்தக் குறை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் எப்போது ஆடுகிறோம் என்பது முக்கியம். பெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மேயர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 201 ஆய்வுகளை அலசியது. மக்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1% அளவையே நிதிக் கல்வி விளக்குகிறது என்றார்கள். பல மணி நேர வகுப்புகளின் தாக்கம்கூட 20 மாதங்களுக்குப் பின் ஏறத்தாழக் கரைந்துவிடுகிறதாம். முடிவெடுக்கும் வேளையை ஒட்டிக் கற்பிப்பதே அவர்கள் சொன்ன வழி.

ஆகவே என் ஓட்டு சிமுலேஷனுக்கு, அதுவும் கார்டுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில். வினாடி வினாவை அதற்குள்ளேயே வைக்கலாம்: பில் திரையில் 'குறைந்தபட்சம் கட்டு' என்பதை அழுத்தியதும், அடுத்த மாத நிலுவை எவ்வளவு என்ற ஒரே கேள்வியாக.