ஆறடித் தொட்டியில் மலாவி சிக்லிட்கள்: எதை எதோடு சேர்க்கலாம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். சில வருடங்களாக இதில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்கள்தான். அதிலும் பாறை இடுக்குகளில் வாழும் ம்புனா வகை மட்டும்: மஞ்சள் லேப், ரஸ்டி, ஆசி, டெமாசோனி. சிக்லிட் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கூட்டணியைத் தயங்காமல் சொல்வேன்.

கடைகளில் ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று ஒரே தொட்டியில் பல நிறக் குட்டிகளை விட்டிருப்பார்கள். இரண்டு அங்குலத்தில் எல்லாமே சாதுவாகத்தான் தெரியும். அதில் கென்யியும், மஞ்சளில் கருப்புக் கோடு போட்ட ஆரட்டஸும் கட்டாயம் கலந்திருக்கும். வளர்ந்த ஆண் ஆரட்டஸ் தொட்டி முழுவதும் தனக்கே என்று மற்ற மீன்களை விரட்டி விரட்டிக் கொல்லும். கென்யியும் அப்படித்தான். எவ்வளவு பெரிய தொட்டியானாலும் இந்த இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆஸ்கரைக் கேட்கவே வேண்டாம். அது தென் அமெரிக்க மீன், ஒரு அடி வரை வளரும், ம்புனாக்களோடு சேராது.

ஆண் ம்புனா முதலில் பகைப்பது தன்னைப் போலவே இருக்கும் மீனைத்தான். அதனால் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அழகுக்காக மட்டுமல்ல. லேப் பளிச்சென்ற மஞ்சள், ரஸ்டி ஊதா கலந்த செம்பழுப்பு, ஆசிக்கு நீல உடலில் மஞ்சள் வால், டெமாசோனி கருநீலப் பட்டைகள். ஒன்றுக்கொன்று குழப்பமில்லை, கலப்புக் குஞ்சு பிறக்கும் வாய்ப்பும் குறைவு. ஆசி பெரும்பாலும் மேல்மட்டத்தில் கூட்டமாக நீந்துவதால் பாறைகளுக்கான போட்டியும் குறைகிறது.

இதில் கவனம் தேவைப்படுவது டெமாசோனிதான். மூன்று அங்குல மீன், ஆனால் தன் இனத்தோடு அது போடும் சண்டை பயங்கரம். ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிக்க முடியாது. நாலைந்து வாங்கி விட்டால் பெரியது மற்றவற்றை ஒவ்வொன்றாக முடித்துவிடும். பன்னிரண்டுக்கு மேல் வைத்தால் அடி ஒருவர் மேலேயே விழாமல் பரவிப்போகும். மற்ற மூன்றிலும் ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு போதும். இத்தனை மீன் இருப்பதால் ஃபில்டர் பலமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் மாற்றுகிறேன். எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பிஎச் 8 பக்கம் நிற்கும். மலாவி மீனுக்கு அதுவே தோது.

தீனி போடும் நேரம்தான் உண்மை தெரியும் நேரம். ஒரு மீன் சாப்பிட வராமல் ஒதுங்கி நின்றால் அதன் தொண்டையைப் பாருங்கள். அடித்தாடை பை மாதிரி உப்பி, வாய் மெல்வது போல அசைந்துகொண்டிருந்தால் அது முட்டையை வாயில் வைத்திருக்கும் தாய். ஏறக்குறைய மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும், தொந்தரவு செய்யாதீர்கள். தொண்டை ஒட்டியிருந்து, வால் கிழிந்து, துடுப்பை மடக்கிக்கொண்டு ஃபில்டர் குழாயோரம் மேல் மூலையில் நின்றால் அடி வாங்குகிற மீன். அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவேன்.

தீனியும் நான்குக்கும் ஒன்றே: ஸ்பைருலினா பாசி கலந்த பெல்லட். ம்புனா பாறையில் படரும் பாசியை மேய்ந்து வாழ்பவை. லேப் சிறு பூச்சிகளைத் தின்னும் மீன்தான், ஆனாலும் இதிலேயே நன்றாக வளர்கிறது. ரத்தப்புழுவும் இறைச்சியும் கொடுத்துப் பழக்கினால் வயிறு வீங்கும் நோய் வரும்; வந்தபின் காப்பாற்றுவது கடினம். மலாவியிலிருந்தே வருகிறது என்றாலும் பீக்காக் சிக்லிட்டை இங்கே சேர்க்கவில்லை. அது மணலில் இரை தேடும் அமைதியான மீன், ம்புனாக்களின் முரட்டுத்தனத்தைத் தாங்காது.

பாறைகளை முதலில் கண்ணாடித் தரையில் அடுக்கிவிட்டு அதன்பிறகு மணல் போடுங்கள். இந்த மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டும்; மணல் மேல் வைத்த பாறை சரிந்தால் கண்ணாடி உடையும். புதிய மீன் விடும் அன்று நான் சில பாறைகளை இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் விடுவேன். பழைய மீன்களின் எல்லையும் கலைந்துவிடுவதால் காலைக்குள் எல்லாம் புதிதாக இடம் பிடிக்கும்.