125 சிசி பைக்கும் எங்கட ஊர் உப்புக்காத்தும்: கன வருசம் ஓடினாப்பிறகு

2019ல எடுத்த 125 சிசி பைக். கொம்பனிப் பேர் வேண்டாம், உந்தச் சைஸில வாற எந்த இந்தியன் பைக்கும் எங்கட யாழ்ப்பாணப் பக்கம் ஓடினா ஒரே வருத்தம்தான் பிடிக்கும். நான் ஏ9 பெரிய ரோட்டில ஓடுறது குறைவு, லீவு நாளில ஒழுங்கையள், கரையோர ரோட்டு, தீவுப்பக்கம் எண்டுதான் திரியிறது, அதால காப்பெட் ரோட்டில ஒவ்வீசுக்குப் போய்வாற ஆக்களுக்கு இது அவ்வளவு பொருந்தாது.

எஞ்சினில குறை சொல்ல ஒண்டுமில்ல. லீற்றருக்கு 50 கிலோமீற்றரைச் சுத்தித் தருது. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்க கியூஆர் கோட்டில கிழமைக்கு 4 லீற்றர் தந்த நேரம், பெரிய பைக் வச்சிருந்த பெடியள் முத்தத்தில நிப்பாட்டிப்போட்டு இருக்க நான் தீவுப்பக்கம் போய்வந்தனான். (90களில பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின சனத்துக்கு இதெல்லாம் ஒரு தட்டுப்பாடோ எண்டு அப்பா நக்கல்.)

பிரச்சினை உப்பு. எனக்குப் பிடிச்ச ஓட்டம் பண்ணைப் பாலத்தால ஏறி வேலணை, ஊர்காவற்றுறை, அங்கயிருந்து பாதையில (கடலைக் கடக்கிற மிதவைக்கு நாங்கள் பாதை எண்டுதான் சொல்லுறது) பைக்கையும் ஏத்திக்கொண்டு காரைநகர், பேந்து பொன்னாலைப் பாலத்தால வீடு. பாதையில போகேக்க கடற்கோட்டையை வடிவாப் பாக்கலாம். ஆனா சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்களில பொன்னாலையில காத்து பக்கத்தால தள்ளும், பாரம் குறைஞ்ச பைக் எண்டபடியா 40க்கு மேல போகேலாது, சாரல் முழுக்க செயினிலயும் சில்லிலயும்தான். முதல் கறள் பிடிச்சது சைலன்சரில இல்ல, ஸ்போக் கம்பி விளிம்போட சேருற நிப்பிள்ல, முதல்ல வெள்ளையாப் பூத்து, பிறகு மண்ணிறமாகி, ஒருநாள் கம்பி இறுக்கப் போனா நிப்பிள் திரும்பவே இல்ல. கழுவினாச் சரி எண்டு தீவிலயே கிணத்துத் தண்ணி அள்ளி ஊத்தாதீங்கோ, அங்க கன கிணறு உவர். வீட்ட வந்து நல்ல தண்ணியில கழுவி, செயினை மண்ணெண்ணெய் போட்டு பிரஷால தேச்சு, காய்ஞ்சாப்பிறகு ஒயில் விடோணும், அதுவும் அண்டைக்கே, விடியப் பாப்பம் எண்டா செயின் செம்மஞ்சளாத்தான் நிக்கும்.

வடமராட்சி கிழக்கு வேற கதை. வல்லிபுரக் கோயிலடியால மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில், மருதங்கேணி எண்டு போகேக்க காத்து மணலை ரோட்டிலயே கொண்டுவந்து போட்டிருக்கும், இந்த ஒடுக்கமான ரயர் அதுக்குள்ள கத்தி மாதிரி இறங்கும். ரயரில காத்தைக் கொஞ்சம் குறைச்சு, சின்னக் கியரில, முன் பிரேக்கைத் தொடாம, நிப்பாட்டாம ஓடோணும். திரும்பக் காத்தடிக்க சைக்கிள் பம்ப் ஒண்டை சீற்றுக்குப் பின்னால கட்டிக்கொண்டு போறனான், பாக்கிறவை சிரிப்பினம், சிரிக்கட்டும். மணல் மூடின பழைய தேவாலயத்தடியில நிப்பாட்டினா சைட் ஸ்ராண்ட் தாண்டுபோகும், கீழ பனைமட்டைத் துண்டு வைச்சா நிக்கும். பெற்றோலை பருத்தித்துறையிலயே அடிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ.

மாரிக்கு புத்தூர், கோப்பாய்த் தோட்ட ஒழுங்கையள் வேண்டவே வேண்டாம். செம்பாட்டு மண் மட்காட்டுக்க அடைஞ்சா முன் சில்லு சுத்தாது.

சாமான் விலைதான் கொடுமை. கராச் ஒண்டில ஒறிஜினல் செயின் செற் எண்டு காசு வாங்கிப்போட்டு டூப்ளிகேற்றைப் போட்டு அனுப்பினவை, ஒரு மாரிக்குள்ள ஸ்பொக்கட் பல்லு கூராப்போச்சு. பெட்டியை உங்கட கண்ணுக்கு முன்னால உடைக்கச் சொல்லுங்கோ.

2025ல வாகன இறக்குமதி திறந்ததில இருந்து 150 சிசி எடு எண்டு மச்சான் நெடுக அரிக்கிறான். பொன்னாலைக் காத்துக்கு பாரமான பைக் நல்லம்தான், ஆனா மணற்காட்டில புதைஞ்சா அவனே வந்து தூக்கப்போறான்? நான் மாத்தேல்ல. பின் ஷொக்கை மட்டும் புதுசாப் போட்டு, சங்குப்பிட்டிப் பாலத்தால பூநகரிக்குப் போய் ஏ32ல மன்னார் வரை ஓடுறதுதான் அடுத்த பிளான். பின்னுக்கு ஆரும் வாறதெண்டா தலகாணி கொண்டு வாங்கோ, சீற் சரியான இறுக்கம்.