ஸ்பர்ஷ் பென்ஷன் சேவை: படைவீரருக்குச் சரி, அவருடைய மனைவிக்கு?

இந்தியப் பாதுகாப்புப் படைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் இன்று பெரும்பாலும் ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியாகவே கணக்கிடப்பட்டு வழங்கப்படுகிறது. பாதுகாப்புக் கணக்குத் துறை நடத்தும் இந்த அமைப்புக்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களும் குடும்ப ஓய்வூதியர்களும் வந்துவிட்டார்கள். நாயக்காகவோ ஹவில்தாராகவோ ஊர் திரும்பி, கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்தும் ஒருவருக்கும், அவர் காலத்துக்குப் பிறகு அதே பென்ஷனை நம்பி வாழப்போகும் அவருடைய மனைவிக்கும் இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி. பணம் வழங்கும் ஏற்பாடாகப் பார்த்தால், ஸ்பர்ஷ் பழைய முறையைவிடத் தெளிவானது, நேர்மையானது. ஆனால் அதன் பலன் முழுவதும் உள்ளே பதிவாகியிருக்கும் விவரங்களின் துல்லியத்தைப் பொறுத்தது. அந்த விவரங்களைக் கணவர் உயிரோடிருக்கும்போதே சரிபார்க்காத குடும்பத்துக்கு இது பெரும் சோதனையாக முடியும்.

பழைய முறையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை உடனே புரியும். அப்போது படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் ஆவணங்களை அனுப்பும். அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், உள்ள முதன்மைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையை வெளியிடும். பணத்தையோ வங்கியின் மையப் பென்ஷன் பிரிவு, மாநிலக் கருவூலம், டி.பி.டி.ஓ. என்ற பாதுகாப்புத் துறையின் பென்ஷன் வழங்கும் அலுவலகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வழங்கும். ஒவ்வொரு சம்பளக் குழுவுக்குப் பிறகும், 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிறகும், சுற்றறிக்கையின் அட்டவணையைப் பார்த்துப் புதிய தொகையைக் கணக்கிடும் பொறுப்பு பணம் வழங்கும் இடத்திடமே இருந்தது. ஒரே ரேங்கில் ஒரே அளவு பணிக்காலம் முடித்த இருவர் வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு தொகையைப் பெறும் நிலைக்கு இது இடம் கொடுத்தது. யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கும் தெளிவான விடை இல்லை. ஸ்பர்ஷ் வந்தபின் ஆணையை வழங்குவதும் தொகையைக் கணக்கிட்டுச் செலுத்துவதும் ஒரே துறையின் கைக்குள் வந்துவிட்டன. வங்கி என்பது பணம் வந்து சேரும் கணக்கு மட்டுமே. தவறு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விக்கு இப்போது ஒரே பதில் உண்டு என்பதை நான் இதன் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

உள்நுழைந்ததும் கிடைக்கும் தகவல்களும் மதிப்புள்ளவை. 12 இலக்க பி.பி.ஓ. எண், ஆணையின் மின்னணுப் பிரதி, மாதாந்திரப் பென்ஷன் சீட்டு ஆகியவற்றை ஓய்வூதியரே தரவிறக்கிக்கொள்ளலாம். சீட்டில் அடிப்படை பென்ஷன், அகவிலைப்படி, ஊனமுற்றோர் கூறு, கம்யூட்டேஷனுக்கான (பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்றதற்கான) பிடித்தம் ஆகியவை தனித்தனியாகத் தெரிகின்றன. பாஸ்புக்கில் ஒரே வரியாக வந்த தொகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, கம்யூட் செய்த பகுதி 15 ஆண்டுகள் முடிந்ததும் திரும்பச் சேர்க்கப்பட்டதா என்று தாங்களே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு இதனால் கிடைத்திருக்கிறது. எனினும் சீட்டும் ஆணையும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் நிறைந்திருக்கின்றன. பட்டாளத்தில் ஆபீஸ் வேலை பார்த்தவருக்கு அவை பழக்கமானவை. ராணுவ ஆவணம் எதையும் வாழ்நாளில் கையில் எடுத்துப் பார்த்திராத அவருடைய மனைவிக்கு அவை வெறும் எழுத்துகள்தான்.

பழைய முறையிலிருந்து மாற்றப்பட்ட ஓய்வூதியர்கள் முதன்முறை உள்நுழையும்போது விவரச் சரிபார்ப்பு என்ற கட்டத்தைக் கடக்க வேண்டும். இதை நான் சேவையின் உயிர்நாடி என்றே சொல்வேன். சொந்த விவரம், பணி விவரம், குடும்ப விவரம் ஆகியவை திரையில் வரும். சரியானவற்றை ஏற்கலாம், தவறானவற்றைக் குறிப்பிட்டு ஆவணத்தை இணைக்கலாம். சிக்கல் என்னவென்றால், பலர் இதை விரைவில் முடிக்க வேண்டிய சடங்காக நினைத்து, கணினி மையத்தில் அமர்ந்திருப்பவர் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுக்க அனுமதித்துவிடுகிறார்கள். அந்தச் சம்மதத்தோடு தவறும் உறுதியாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இங்கே கூடுதலான ஒரு தொல்லை உண்டு. நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து முன்னால் வரும், சில ஆவணங்களில் பின்னால் போகும், வேறு சிலவற்றில் தந்தை பெயராக விரியும். ஆள் சேர்ப்பின்போது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் உள்ள பெயர் இன்னொன்று, வங்கிக் கணக்கில் மூன்றாவது. மனைவியின் பெயரில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். பணிக்காலத்தில் லட்சுமி என்று பதிவானவர் ஆதாரில் லட்சுமி அம்மாளாக இருப்பார். பிறந்த தேதி பதிவே இருக்காது, அல்லது ஆண்டு மட்டும் இருக்கும். ஸ்பர்ஷ் இந்த வேறுபாட்டை உருவாக்கவில்லை. பல பத்தாண்டுகளாக பணி முடிந்து வரும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் உறங்கிக்கிடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் திருத்துவதற்கான வழி முழுக்க இணையத்துக்குள் முடிந்துவிடுவதில்லை. மனைவியின் பெயரையோ பிறந்த தேதியையோ மாற்ற வேண்டுமானால், தகுந்த சான்றுகளோடு ரெக்கார்ட் ஆபீஸை அணுகி ராணுவப் பதிவேட்டிலேயே திருத்தம் செய்ய வேண்டி வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு அது வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்காரருக்கு பெங்களூரு. விண்ணப்பத்தில் கணவர் கையெழுத்திட்டால் சில படிவங்களில் முடியும் வேலை, அவர் இறந்தபின் வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று நீண்டுவிடும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு வழிகாட்டுவார்கள். அங்கே செல்லத் தயங்க வேண்டியதில்லை.

பெயரும் தேதியும் எழுத்துப்பிழை சார்ந்த விஷயங்கள் மட்டுமல்ல, அவற்றில் பணமும் அடங்கியிருக்கிறது. 80 வயது நிறைந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85 வயதில் அது 30 சதவீதம், 90 வயதில் 40, 95 வயதில் 50, 100 வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இதே விகிதம் பொருந்தும். அமைப்பில் அவருடைய பிறந்த தேதி இல்லாவிட்டால் இந்த உயர்வு தானாக வர வழியில்லை. ஐந்தாறு ஆண்டுகள் தள்ளிப் பதிவாகியிருந்தால், முதுமையில் மருந்துச் செலவு கூடும் காலத்தில் அத்தனை ஆண்டுகளின் உயர்வும் கைநழுவும். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியத் திட்டத்திலும் இதே கதைதான். அதன் அட்டவணைகள் ரேங்க், பணித்தொழில் வகையைக் குறிக்கும் குரூப், அரையாண்டு அரையாண்டாகக் கணக்கிடப்பட்ட பணிக்காலம் ஆகியவற்றை வைத்து வகுக்கப்பட்டவை. 2019 ஜூலை 1, 2024 ஜூலை 1 ஆகிய தேதிகளிலிருந்து நடைமுறைப்படுத்தப்பட்ட மறு நிர்ணயங்களுக்கும் அடிப்படை இந்த மூன்றுமே. பணிக்காலத்தில் ஆறு மாதம் குறைந்து பதிவாகியிருந்தாலும் அட்டவணையில் கீழ் வரிசைக்குப் போக நேரும். கணினி துல்லியமாகக் கணக்கிடும் என்பது உண்மை. தவறான விவரத்தையும் அது அதே துல்லியத்தோடு கணக்கிடும்.

ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்ச்சான்று விஷயத்தில் ஸ்பர்ஷ் தொடக்கத்தில் தடுமாறியது. 2022 ஏப்ரல் மாத பென்ஷன் 58,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மாத இறுதியில் செலுத்தப்படவில்லை; வங்கிகளிலிருந்து மாற்றப்பட்ட அவர்களின் ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு விவரம் அமைப்பில் ஏறியிருக்கவில்லை என்பதே காரணம். பிறகு அமைச்சகம் ஒருமுறைச் சலுகையாகக் கால நீட்டிப்பு அளித்துப் பணத்தை விடுவித்தது. விரைந்து சரிசெய்யப்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் உயிரோடிருக்கும் ஒருவரின் பென்ஷனை, முன்கூட்டி நேரில் விசாரிக்காமல், ஒரு கட்டம் நிரம்பவில்லை என்பதற்காக நிறுத்தலாம் என்ற அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் உடன்பாடானது அல்ல. பணம் நிற்பதற்கு முன் அஞ்சலில் ஒரு கடிதமாவது, அதுவும் அவருடைய மொழியில், வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

இப்போது சான்று அளிக்கும் முறை எளிதாகியிருக்கிறது. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச்சான்று வசதி வழியாகக் கைரேகை, கருவிழி, முகப்பதிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தி உயிர்ச்சான்றை அளிக்கலாம். உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாத முதியவர்களுக்கு முகப்பதிவு உண்மையான வரம். படுக்கையில் இருப்பவருக்கும் பேரப்பிள்ளையின் கைப்பேசியிலேயே வேலையை முடித்துவிடலாம். பொதுச் சேவை மையங்களிலும் உதவி கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றே: பென்ஷன் வழங்கும் அதிகாரி என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஸ்பர்ஷ் என்று குறிப்பிட்டுள்ள வரியைத் தேர்ந்து, ஸ்பர்ஷ் பி.பி.ஓ. எண்ணையே இட வேண்டும். தவறான இடத்துக்குப் போன சான்று, பதிவு வெற்றி என்ற செய்தியைக் காட்டிவிட்டு, பென்ஷன் கணக்கில் ஏறாமலே கிடக்கும். எனவே சில நாட்கள் கழித்து ஸ்பர்ஷுக்குள் நுழைந்து, அடுத்த சான்றுக்கான தேதி மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

குடும்ப ஓய்வூதியம் என்ற இடத்தில்தான் என் கவலை அதிகம். கணவர் இறந்ததும் தகவலை இறப்புச் சான்றிதழுடன் தெரிவித்து, கணவன், மனைவி இருவருக்குமான கூட்டு ஓய்வூதிய ஆணையில் பெயருள்ள மனைவி குடும்ப ஓய்வூதியத்தைப் பெறுவது கொள்கையளவில் நேரான பாதை. நடைமுறையில் ஸ்பர்ஷின் கதவுக்கான சாவி கணவரின் கைப்பேசி எண்ணில் இருக்கிறது. அவர் போனபின் அந்த எண் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்தால், ஓடிபி வரும் வழி அடைபடும். கடவுச்சொல் அவருடைய நினைவோடு போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு முன்னாள் படைவீரரும் மனைவியின் ஆதார், பான், தனி வங்கிக் கணக்கு, தனிக் கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே பெயரெழுத்தில் அமைத்து வைத்து, தம் பி.பி.ஓ.வின் அச்சுப் பிரதியை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். இறந்த செய்தியைத் தெரிவிக்காமல் கணவரின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே இருப்பதும் கூடாது. பின்னாளில் அது மொத்தமாகப் பிடித்தம் செய்யப்படும்.

தொகை பற்றிய தெளிவும் வேண்டும். ஓய்வுக்குப் பின் இயற்கையாக இறந்தவரின் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். அதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்கு 50 சதவீதம் என்ற உயர்ந்த விகிதம் உண்டு. இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது கணவருக்கு 67 வயது நிறைந்திருக்க வேண்டிய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை. கணக்கிடத்தக்க கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்றால் முதலில் 20,000 ரூபாயும் பிறகு 12,000 ரூபாயும் அடிப்படையாக வரும், அகவிலைப்படி தனி. திடீரென்று பணம் குறைந்ததைக் கண்டு அலைக்கழியும் பெண்களுக்கு, அந்தத் தேதியை ஆணையிலிருந்து எடுத்து முன்பே யாராவது சொல்லியிருந்தால் பாதி வேதனை இருக்காது. மாதச் சீட்டிலேயே, "உங்கள் உயர்ந்த விகிதம் இந்த நாள்வரை" என்று தமிழில் ஒரு வரி அச்சாகுமானால், ஸ்பர்ஷ் மீது எனக்குள்ள மதிப்பு பல மடங்கு உயரும்.

குறைகளைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு புகாருக்கும் எண் கிடைக்கிறது, அதன் நிலையையும் பார்க்கலாம். ஆனால் இரண்டு வரியில் எழுதிய புகாருக்கு இரண்டு வரிப் பதில்தான் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். எந்தத் தொகை, எந்த மாதம் முதல், எந்த ஆணையின்படி என்று குறிப்பிட்டு, ஆவணத்தை இணைத்து எழுதுபவருக்கே பலன் அதிகம். பென்ஷன் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு தொலைபேசியில் ஓடிபி கேட்பவர் எவராயினும் அவர் மோசடிக்காரர். உயிர்ச்சான்று காலத்தில் இந்த ஏமாற்று வேலை கூடுகிறது.

மாற்றுத்திறனாளி மகனோ மகளோ உள்ள குடும்பங்கள் மேலும் ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. தானாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பெற்றோர் இருவருக்கும் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியுண்டு. இதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அந்தப் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் சேர்க்கவும் முடியும். ஸ்பர்ஷின் குடும்ப விவரப் பக்கத்தைத் திறந்து அந்தப் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பத்தை அனுப்பி, அது சேர்ந்ததற்கான கடிதத்தை பி.பி.ஓ.வோடு சேர்த்து வையுங்கள்.